அந்தப் படிக்கட்டில் ஏன் உட்கார்ந்தேன்

அன்பு மகளுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். கால் வீக்கமும் வடிந்துவிட்டது. கேன்டர்பரி பேராலயத்தில் ரயிலுக்கு நேரமாச்சு என்று நீ பறந்தபோது நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். "கல்லுல என்னப்பா இருக்கு?" என்றாய். அன்று பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

பேராயர் தாமஸ் பெக்கெட்டை 1170 டிசம்பர் 29 அன்று, இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றியின் ஆட்கள் நான்கு பேர் அந்தக் கோயிலுக்குள்ளேயே வெட்டியது உனக்குத் தெரியும். எனக்கு வியப்பு, அன்று ராத்திரி நடந்ததுதான். அவர் இணக்கமான மனிதர் இல்லை. முன்பு அரசனுக்கு நெருக்கமாக இருந்து ஆடம்பரமாக வாழ்ந்தவர். கூட இருந்த துறவிகளிலேயே சிலருக்கு அவர்மேல் அவ்வளவாக மதிப்பில்லை. உடலை எடுத்து ஆடையை விலக்கிப் பார்த்தால், உள்ளே ரோமத்தில் நெய்த முரட்டு உடுப்பு, பேன் மொய்த்துக் கிடந்ததாம். இவரா இப்படி! ஒரே ராத்திரியில் அவர்கள் மனசு புரண்டுவிட்டது. ஊர்ச் சனங்களோ அவருடைய ரத்தத்தில் துணியைத் தோய்த்து எடுத்துப் போனார்கள். பிற்பாடு, நோய் தீரும் என்று நம்பி, அந்த ரத்தம் கலந்த தண்ணீரைச் சின்ன ஈயக் குப்பிகளில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள் யாத்திரிகர்கள். உனக்கு அருவருப்பாக இருக்கும். நோயாளியை வீட்டில் வைத்திருப்பவனுக்கு அப்படி இருக்காது.

1173இல் போப்பாண்டவர் புனிதர் பட்டம் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் ஹென்றியே வெறுங்காலோடு நடந்து வந்து, கல்லறை முன்னால் துறவிகளிடம் சாட்டையடி வாங்கிக்கொண்டான். ராஜா முதுகில் அடி! இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கோயிலின் கிழக்குப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டும்போது, புனிதருக்கென்றே அந்தப் பக்கத்தை உயர்த்திக் கட்டினார்கள். அதனால்தான் அத்தனை படி. 1220இல் அவர் எலும்புகளை மேலே கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தப் படிகளில் சனங்கள் முழங்காலிட்டே ஏறினார்களாம். நடுவில் குழிந்திருந்ததைக் கவனித்தாயா? எட்டாம் ஹென்றி 1538இல் மேலே இருந்ததையெல்லாம் உடைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். இப்போது அங்கே ஒரு மெழுகுவத்திதான் எரிகிறது. படியை மட்டும் விட்டுவிட்டான்.

அடுத்த தடவை போனால் அந்தக் குழியில் ஒரு நிமிஷம் கை வைத்துப் பார். அப்புறம், நீ கேட்ட பருப்புப்பொடியை அம்மா அரைத்துவிட்டாள். அடுத்த வாரம் பார்சல் வரும்.

அப்பா