பல்லில் தங்கிய சோளம்

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் பழையபடிதான்.

நீ அனுப்பிய கட்டுரையைத் தம்பி வரிவரியாகத் தமிழில் சொன்னான். அன்றிலிருந்து அந்தப் பையன் நினைப்பாகவே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பக்கம் ஏ14 சாலை வேலைக்குத் தோண்டியபோது ஆஃபர்ட் க்ளூனி கிராமத்தில் எலும்புக்கூடாகக் கிடைத்தானே, அவன்தான். வண்டிப்பாதை ஓரத்துப் பள்ளத்தில் தனியாகப் புதைத்திருக்கிறார்கள். கூட ஒரு சட்டிகூட வைக்கவில்லை. வயது 18-லிருந்து 25-க்குள்ளாம், உன்னைவிடச் சின்னவன். கி.பி. 126-க்கும் 228-க்கும் நடுவில் செத்தவனுக்கு இப்போது வருத்தப்படுகிறாயே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

காதுக்குள் இருக்கும் எலும்பில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்ததில் காகசஸ் மலைப் பக்கத்து சர்மேசியர் என்ற குதிரைவீரர் கூட்டத்து வம்சம் என்று தெரிந்ததாம். 175-ல் ரோம ராஜா மார்க்கஸ் ஆரேலியஸ் அந்தக் குதிரைப்படையில் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பினாராம். இவன் அவர்களோடு வந்த பிள்ளையாக இருக்கலாம் என்கிறார்கள்.

பல் விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். ஐந்து வயதுவரை வறண்ட பூமியில் சிறுதானியமும் சோளமும் தின்றது பல்லில் தங்கியிருக்கிறதாம். மேற்கே வர வர அது குறைந்து கோதுமை கூடுகிறதாம். கம்பும் அந்த வகைதான் என்றான் தம்பி. அப்படியானால் நான் உனக்கு ஊட்டிய கம்மங்கூழும் உன் பல்லில் இருக்கும்தானே? ஐந்து வயதுப் பிள்ளை தானாகவா கிளம்பியிருக்கும், யாரோ கூட்டிவந்திருக்கிறார்கள். நீ 24 வயதில் நீயாகத்தான் கிளம்பினாய். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ரோமர் காலத்து ஆட்களைத் தோண்டுகிறாள் என்றதும் எதிர்வீட்டு அக்கா, பயமாயிருக்காதா என்று கேட்டாள். ஓர் எலும்பை எடுக்க நாள் முழுக்க பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பாள், அவ்வளவு பொறுமை என் பெண்ணுக்கு என்றேன். அந்தப் பொறுமையில் கொஞ்சம் போன் எடுப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

எலும்பைத் தொட்டுவிட்டு வந்தால் தலைக்குக் குளி. வெந்நீரில் குளி. ஈர மண்ணில் மண்டிபோடாதே, நாளைக்கு அப்பா முழங்கால்தான் உனக்கும்.

சென்னை மாமா பேசினார். நீ இருக்கிற ஊரில் வீடு பார்ப்பதாக அவர் பையன் சொன்னானாம். வாடகை வீடு மாறுகிறாளாயிருக்கும் என்று சொல்லிவைத்தேன். மாமா அதற்குமேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கீழத்தோட்டத்துக்கு ஆள் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் முடியாது என்கிறார், ஆனால் அவராக உனக்கு போன் போடமாட்டார், உனக்குத்தான் தெரியுமே. வந்தவர் கார்த்திகை வரைதான் பொறுப்பாராம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு. கிணற்றடி மாமரத்தை மட்டும் தரமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

தலைக்குக் குளி, மறக்காதே.

அம்மா