தட்டு நிறையச் சாப்பிடு, மக்களே

திருவட்டாறு,
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று இரவு வீடியோ காலில் நீ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசியபோது, உன் பக்கத்தில் இருந்த தட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளரிக்காய்த் துண்டுகள் ஆறேழும், ஓரம் பிய்த்த ஒரு சப்பாத்தியும் இருந்தன. இராத்திரிக்கு அவ்வளவுதானா என்று கேட்டதற்கு, லீவு முடிந்து ஆபீசுக்குப் போவதற்குள் எடை குறைய வேண்டும், பழைய உடுப்பெல்லாம் சேர வேண்டும் என்றாய். போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை உறங்கும் நேரத்தில் நிதானமாகப் படி.

எடை குறைய வேண்டும் என்று நீ நினைப்பதில் தவறில்லை. கர்ப்பமாவதற்கு முன் 54 கிலோ இருந்தவள் இப்போது 66 கிலோ இருக்கிறாய். அதில் ஒரு பங்கு நான் ஏற்றி வைத்தது. பேறு கழிந்து மூன்று மாதம் நீ இங்கே இருந்தபோது, காலையில் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, பத்து மணிக்கு லேகியம், மதியம் நெய்ச்சோறு, நாலு மணிக்கு அவித்த ஏத்தம்பழம் என்று ஓயாமல் கொடுத்தேன். நாற்பது நாளுக்கு உகந்தது நூறு நாளுக்கும் உகந்ததாகிவிடாது. அதை நான் பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆகவே எடையைக் குறை என்று நானும் சொல்கிறேன். ஆனால் வயிற்றைக் காயப் போட்டுக் குறைக்காதே.

ஐந்து மாதப் பிள்ளைக்கு முழுக்கத் தாய்ப்பாலே கொடுக்கிறவளுக்கு ஒரு நாளில் முக்கால் லிட்டர் அளவுக்குப் பால் சுரக்கிறது. அது சும்மா வருவதில்லை. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கிலோ கலோரி வேண்டும். பாலூட்டுகிறவளாக இருந்தால் முதல் ஆறு மாதம் அதற்கு மேலே 600, அடுத்த ஆறு மாதம் 520 சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் உனக்கு இப்போது 2260 ஆகிறது. இதில் நாளுக்கு முந்நூறோ நானூறோ குறைத்துச் சாப்பிட்டாலே போதும், மீதியை உடம்பு தான் சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். உன் கணக்கு 1800-க்குக் கீழே இறங்கக் கூடாது, வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் எடை குறையவும் கூடாது. அரை கிலோ என்பது பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும். மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்று போனால் பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும்போது நீ பழைய உடம்புக்கு வந்திருப்பாய்.

"நான் குறைவாகச் சாப்பிட்டும் பிள்ளை நன்றாகத்தான் வளர்கிறான்" என்று நீ சொன்னாய். அதைத்தான் நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். தாயின் உடம்பு பிள்ளைக்கு உரியதை முதலில் கொடுத்துவிடும். நீ தின்னாத சுண்ணாம்புச் சத்தை உன் எலும்பிலிருந்து உருவிப் பாலில் சேர்க்கும். நீ தின்னாத புரதத்தை உன் தசையிலிருந்து எடுக்கும். பிள்ளையின் எடை ஏறுவதைப் பார்த்து உன் பட்டினி யாரையும் பாதிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. பாதிப்பு முழுவதும் உன் மேல் விழுகிறது, முடி கொட்டுவதும் மாடிப்படி ஏறும்போது கால் நடுங்குவதும் அதனோடு சேர்ந்தவையாக இருக்கலாம். அயோடின், பி12 போன்ற சில சத்துகள் மட்டும் தாய் உண்ணாவிட்டால் பாலிலும் குறைந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. உன் அண்ணன் பிறந்து ஆறு மாதம் இருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "உரல் மாதிரி ஆகிவிட்டாளே" என்று என் காதில் விழும்படி சொன்னாள். அன்றைக்கே மதியச் சோற்றை நிறுத்தினேன். பால் சேர்க்காத கட்டன்சாயா ஒன்று, மூன்று மணிக்கு இன்னொன்று, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் கிணற்றடியில் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிவிட்டது, கயிறு கையிலிருந்து நழுவி வாளி கிணற்றுக்குள் போயிற்று. துணிக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் விழாமல் தப்பினேன். தளர்ச்சியில் உன் அண்ணனை அடிக்கடி மார்பில் போடாமல் விட்டிருந்தேன்; பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும், குடிக்காத மார்பில் சுரப்பு குறையும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. சாயந்திரமானால் அவன் விடாமல் அழுவான்.

செய்தி கேட்டு உன் பாட்டி வந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. சம்பா அரிசிக் கஞ்சியும், தேங்காய் கொஞ்சமாகப் போட்டுத் தாளித்த சிறுபயறும், முருங்கைக்கீரைத் துவரனும் வைத்தாள். முற்றத்துப் பலாவில் ஒரு பழுத்த இலையைப் பறித்து, கூம்பாக மடக்கி, ஈர்க்கில் குத்திக் கரண்டியாக்கிக் கையில் கொடுத்து, எதிரிலேயே உட்கார்ந்தாள். கஞ்சி ஒரு வாய்க்குப் பயறு இரண்டு வாய் என்ற கணக்கில் நான் தின்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு கிண்ணம் பயறு முடிந்தபோது எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, கஞ்சி பாதி மிச்சம் இருந்தது. உனக்கு நான் சொல்ல வந்ததும் இந்தக் கணக்குத்தான்.

நம் ஊரில் தட்டு நிறையச் சோறும் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கறியும் என்று சாப்பிடுகிறோம். அதை மாற்றிக்கொள். தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும், கால் பங்கு மீனோ பயறோ முட்டையோ இருக்கட்டும், சோறு மீதிக் கால் பங்கில் அடங்கட்டும். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் நிறையும், கலோரி தானாகக் குறையும். பாலூட்டுகிற உனக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. நூறு கிராம் சாளை மீனில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது, பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பும் அதில் உண்டு. அங்கே பெங்களூரில் மலையாளிகள் நடத்தும் மீன்கடையில் மத்தி என்று கேள், தருவார்கள். பொரிக்காதே, எண்ணெய் குடிக்கும். மண்சட்டியில் புளிமுளக் குழம்பாக வைத்தால் இரண்டு நாளைக்கு வரும், மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். பால் சுரக்கும் என்று சொல்லிச் சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம்தான், நானும் உனக்கு இரண்டு முறை செய்து தந்தேன். ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் பாலூட்டும்போது அதைத் தவிர்ப்பது நல்லது. சாளையும் நெத்திலியும் சின்ன மீன்கள், அந்தப் பயம் இல்லை.

மரச்சீனிக் கிழங்கு நம் உயிர், எனக்குத் தெரியும். அதில் மாவுச்சத்துதான் இருக்கிறது, புரதம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். கிழங்கு தின்கிற நாளில் சோற்றை விட்டுவிடு, மீன்குழம்பைக் கூடுதலாக எடுத்துக்கொள். தேங்காயையும் கொஞ்சம் பார்த்துப் போடு. ஒரு மூடித் தேங்காயில் ஒரு தட்டுச் சோற்றைவிட அதிகக் கலோரி இருக்கிறது. அவியலும் தீயலும் புளிசேரியும் ஒரே வேளையில் வைத்தால் நீ சோற்றைக் குறைத்ததற்குப் பயனே இருக்காது. ஒரு வேளைக்குத் தேங்காய் அரைத்த கறி ஒன்று போதும்.

உங்கள் ஊரில் ராகி தாராளமாகக் கிடைக்கிறது. நூறு கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, முருங்கைக்கீரையிலும் ஏறத்தாழ அந்த அளவு உண்டு. காலையில் ராகிக் கூழோ தோசையோ, கூடவே ஒரு முட்டை என்று வைத்துக்கொள். உளுந்தங்களியை நான் விடச் சொல்லவில்லை, எண்ணெயையும் கருப்பட்டியையும் பாதியாக்கு. தோலோடு கூடிய கறுப்பு உளுந்து நெடுநேரம் பசி தாங்கும்.

நடு இராத்திரியில் பால் கொடுத்து முடித்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு பசி வருமே, எனக்கு அது நினைவிருக்கிறது. உன் எடை அந்த நேரத்தில்தான் ஏறுகிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் கட்டிலருகே பிஸ்கட் பாக்கெட்டையும் நேந்திரங்காய் சிப்ஸையும் நீ வைத்திருப்பதைப் பார்த்தேன். பகலில் பட்டினி கிடக்கிறவள் இராத்திரி இரண்டு மணிக்குக் கையில் கிடைப்பதைத் தின்னத்தான் செய்வாள், அதற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது. இரவுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. அந்த நேரத்துக்கென்று அவித்த பெரும்பயறு ஒரு கிண்ணமோ, வறுத்த கடலையோ, இரண்டு மட்டிப்பழமோ எடுத்து மூடி வை. தண்ணீர்ச் செம்பும் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை குடிக்கத் தொடங்கியதுமே உனக்குத் தாகம் எடுக்கும், எடுக்கும்போதெல்லாம் குடி. பேறு கழிந்தவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று என்னை நாற்பது நாள் வாய் வறளவைத்தார்கள், அதில் ஓர் உண்மையும் இல்லை. அதேபோல், லிட்டர் கணக்காகக் குடித்தால் பால் பெருகும் என்பதும் இல்லை.

சோற்றை அடியோடு விடுகிற உணவுமுறையை உன் தோழி பின்பற்றுகிறாள் என்றாயே, அது உனக்கு வேண்டாம். பாலூட்டும்போது மாவுச்சத்தை முற்றிலும் நிறுத்திய தாய்மார் சிலருக்கு இரத்தத்தில் அமிலம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்திருக்கிறது. பதினாறு மணி நேரம் பட்டினி கிடப்பதும் இப்போது வேண்டாம். கொழுப்பைக் கரைக்கும் என்று மாப்பிள்ளையின் நண்பர் கொடுத்த மாத்திரை டப்பாவின் படத்தை அனுப்பியிருந்தாய். பெரிதாக்கிப் படித்தேன், அதில் இருப்பது குடம்புளிச் சாறு. நம் மேற்குப் பக்கத்து வீடுகளில் மீன்குழம்புக்குப் போடுகிற அதே குடம்புளிதான். குழம்பில் இரண்டு சுளை போட்டுத் தின்பதில் ஒன்றும் இல்லை. அதன் சாரத்தைச் செறிவாக்கி மாத்திரையாக விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. டப்பாவைத் திறக்காதே.

இருபத்தெட்டு ஆண்டு அங்கன்வாடியில் இருந்தபோது பாலூட்டும் பெண்களுக்குச் சத்துமாவு கொடுத்து அனுப்புவேன். மறுவாரம் கேட்டால், வீட்டில் எல்லோருக்கும் கலக்கிக் கொடுத்தேன், எனக்கு மிஞ்சவில்லை என்பார்கள். உண்டு முடிந்தவர்களின் தட்டைக் கழுவிவிட்டுச் சட்டியில் இருப்பதை வழித்துத் தின்கிற பெண்களை நான் எண்ணற்ற பேர் பார்த்திருக்கிறேன். முந்திரி அண்டி ஆபீசில் பகல் முழுவதும் உட்கார்ந்து கொட்டைத்தோடு உடைத்துவிட்டு மார்பு கனக்க ஓடி வருகிறவர்களும் அப்படித்தான். நீ படித்து, சம்பாதித்து, நல்ல வீட்டில் இருந்துகொண்டு, உன் இஷ்டத்துக்கு அதே பட்டினியை ஏற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, மக்களே.

பேறு கழிந்து 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை போட வேண்டும், உனக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதே; சாப்பிட்ட கையோடு சாயாவும் குடிக்காதே, இரும்பு உடம்பில் ஒட்டாது. நான் அனுப்பிய சாமித்தோப்புக் கல்லுப்பை ஊறுகாய்க்கு மட்டும் வைத்துக்கொள். அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே போடு, பாலூட்டும்போது அயோடின் தேவை கூடுகிறது. காலையில் வெயில் ஏறுமுன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நட. இவ்வளவும் செய்து இரண்டு மாதத்தில் எடை அசையவில்லை, அலுப்பும் தீரவில்லை என்றால், டாக்டரிடம் போய்த் தைராய்டு பார்த்துவிடு. பேறு கழிந்த பெண்களுக்கு அது முரண்டுவது உண்டு.

வெள்ளிக்கிழமை ஐலண்ட் எக்ஸ்பிரஸில் நம் தெருக்காரப் பையன் வருகிறான். சம்பா அரிசி ஐந்து கிலோ, சிறுபயறு, பெரும்பயறு, தோலுளுந்து ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ, நிழலில் உலர்த்திய முருங்கை இலை ஒரு டப்பா, குழம்புக்குக் கொஞ்சம் குடம்புளி கொடுத்துவிடுகிறேன். இந்த முறை லேகியம் அனுப்பவில்லை. பாட்டியின் பழைய மண்சட்டியையும் வைக்கோல் சுற்றிக் கட்டியிருக்கிறேன், ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையைப் போகச் சொல். முதல் நாள் கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துவிட்டு, அப்புறம் சாளை வை.

அன்புடன்,
அம்மா