உன் உள்ளங்கால் போட்டோ பார்த்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு நீ அனுப்பிய போட்டோவை நானும் பார்த்துவிட்டேன். அப்பாவிடம் காட்டாதே என்று சொல்லியிருந்தாயாம். உன் அம்மாவால் அதை அரை நாள்கூட மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. அவளைத் திட்டாதே.

பெரிதாக்கிப் பார்த்தேன். குதிகாலிலும், விரல்களுக்குக் கீழே மேடாக இருக்கும் இடத்திலும் ஊசியால் குத்திக் குத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள். சில இடத்தில் நாலைந்து குழிகள் ஒன்றாகச் சேர்ந்து, ஓரம் அரித்த திட்டாகியிருக்கின்றன. பாரம் விழாத நடு வளைவில் ஒன்றுமே இல்லை. பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்தாறு வயதில் என் காலும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

அப்போது நாள் முழுக்க பூட்ஸ் போட்டு நிற்கிற வேலை எனக்கு. அறைக்கு வந்து கழற்றினால் கூட இருந்தவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். பிறகு பூட்ஸை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். அதற்கும் பிறகு என்னையே வெளியே உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். சேற்றுப்புண் என்று நானே முடிவு செய்து, மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது எனக்குத் தெரியாது. மூன்று மாதம் தடவினேன். குழிகள் கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் காலைத் தொடக்கூட இல்லை. ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, பத்து நிமிடம் காலை ஊறப்போடச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக உப்பி, அதுவரை கண்ணுக்குத் தெரியாத குழியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "அரிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "நாத்தம்?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் சொன்னதும், பின்னாளில் நான் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன். இதற்குப் பெயர் பிட்டட் கெரடோலைசிஸ். பூஞ்சை இல்லை, பாக்டீரியா. கைட்டோகாக்கஸ், கோரினேபாக்டீரியம் வகைகள்தான் பெரும்பாலும். உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. வியர்வைச் சுரப்பியோ ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நூற்றுக்கணக்கில். கண்ணிமையில் 0.05 மில்லிமீட்டர் இருக்கும் மேல்தோல் இங்கே 1.5 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். மூடிய ஷூவுக்குள் அந்தத் தடித்த தோல் மணிக்கணக்கில் ஊறும்போது, எப்போதும் அங்கேயே குடியிருக்கும் இந்தக் கிருமிகள் பெருகி, தோலைக் கெட்டியாக வைத்திருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைக் கரைக்கும் நொதிகளை விடுகின்றன. கரைந்த இடம்தான் குழி. கரைப்பது செத்த மேல் அடுக்கை மட்டும் என்பதால் பெரும்பாலும் அரிப்போ வலியோ இருக்காது. நாற்றம் வியர்வையுடையது இல்லை. வியர்வைக்குத் தனியாக வாசனை ஏது? கிருமிகள் விடும் கந்தகச் சேர்மங்கள்தான் அது. நீ குளிக்காத பெண் என்று யாராவது முகம் சுளித்தால் அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. 1910-லேயே அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். அத்தனை பழைய சங்கதி.

ஆகவே கண்ட களிம்பையும் தடவாமல் ஒரு தோல் மருத்துவரைப் பார். கிளிண்டாமைசின் அல்லது ஃபியூசிடிக் அமிலம் மாதிரி மேலே தடவும் மருந்து தருவார்கள்; பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். பென்சாயில் பெராக்சைடு கொடுத்தால் காலைக் கழுவிவிட்டுப் படு, துணியின் சாயத்தை அது வெளுக்கும். என் நீல நிறப் படுக்கை விரிப்பில் இரண்டு பாதமும் அச்சாக விழுந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் உன் அம்மா அதைக் காட்டிச் சிரிப்பாள். வியர்வை அதிகம் என்றால் இரவில் தடவ அலுமினியம் குளோரைடு கரைசல் உண்டு. ஈரக்காலில் தடவினால் எரியும், நன்றாகக் காய்ந்த பிறகு தடவு.

மருந்தைவிட முக்கியம் ஷூ. ஒரே ஜோடியைத் தினமும் போட்டால் உள்ளே காயவே காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடு. வேலைக்கு நடுவில் ஒரு தடவை சாக்ஸ் மாற்று. பியூமிஸ் கல்லையோ பிளேடையோ வைத்துக் குழிகளைச் சுரண்டாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும்.

குழி பயப்படும் விஷயம் இல்லை. ஆனால் விரல் இடுக்கில் வெடிப்பு விட்டு, பாதம் சிவந்து, சூடாகி, சிவப்பு மேலே ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. அது தோலுக்கு அடியில் இறங்கிய தொற்று, மாத்திரையோ ஊசியோ வேண்டும். ஷூவைத் துளைத்து ஆணி ஏறினாலும் அப்படித்தான். டெட்டனஸ் ஊசியோடு நிறுத்திவிடுகிறோம்; ஈர ஷூவின் ஸ்பாஞ்சில் சூடோமோனாஸ் என்ற கிருமி இருக்கும், ஆணியோடு உள்ளே போனால் எலும்பு வரைக்கும் போகும். சில நாள் கழித்து மறுபடி வலித்தால் காட்டியே ஆக வேண்டும். எனக்குச் சர்க்கரை வந்த பிறகு கால் கொஞ்சம் மரத்துவிட்டது. தினமும் ராத்திரி தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். அம்மா கேலி செய்கிறாள், செய்யட்டும்.

உன் ஷூ அளவு என்ன? இரண்டாவது ஜோடி நான் வாங்கி அனுப்புகிறேன். அப்புறம், காலைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து இன்னொரு போட்டோ எடு. இந்த முறை எனக்கே அனுப்பு.

அன்புடன்,
அப்பா