லாபம் வந்த வழியையும் சட்டம் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றாலே நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவும், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய 2 சதவீதமும்தான் பேசப்படுகின்றன. அரசுப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை, ஊருக்கு ஒரு குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், அதன் நெற்றியில் நிறுவனத்தின் பெயர். அத்துடன் கணக்கு முடிகிறது. அந்த லாபம் எவருடைய உழைப்பில், எத்தகைய நிலைமையில் ஈட்டப்பட்டது என்பதை அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

அதைக் கேட்கும் சட்டம் பிரான்சில் 2017 மார்ச் 27 அன்று இயற்றப்பட்டது. அதற்கு ஆட்சியாளர்களைவிடக் குடிமைச் சமூக அமைப்புகளே காரணம் என்பேன். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிபாடுகளுக்குள் பிரெஞ்சு விற்பனை நிறுவனங்களின் லேபிள்களும் கிடந்தன. தைத்த ஆலை வேறு, விற்றவர் வேறு என்ற வாதத்தை ஷெர்ப்பா, ஆம்னெஸ்டி முதலான மனித உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஏற்கவில்லை. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபை மசோதாவை நிராகரித்த பின்னும் அவை ஓயவில்லை. கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை என்பதும் உண்மை: நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர் தலையிலேயே நின்றது, 3 கோடி யூரோ வரையிலான அபராதத்தை அரசியலமைப்பு மன்றம் நீக்கிவிட்டது.

ஆயினும், பெருநிறுவனங்கள் தங்கள் ஒப்பந்ததாரர்கள் வரை உள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து தடுக்கும் திட்டத்தை வெளியிட வேண்டும், தவறினால் தொண்டு அமைப்போ தொழிற்சங்கமோ நோட்டீஸ் அனுப்பி, மூன்று மாதங்களில் சரிசெய்யாவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம் என்ற ஏற்பாடு நிலைத்தது. அதன் பலன் 2023 டிசம்பரில் தெரிந்தது. ஒரு தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில், ஆபத்துகளை இன்னும் துல்லியமாகப் பட்டியலிடவும், புகார் முறையைத் தொழிற்சங்கங்களைக் கலந்து அமைக்கவும் லா போஸ்ட் என்ற பிரெஞ்சு அஞ்சல் நிறுவனத்துக்குப் பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இங்கே பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களிடம், அச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு பொறுப்பு அறிக்கை கேட்கிறது. அறிக்கை வேண்டியதுதான், அதில் எழுதியபடி நடக்காவிட்டால் ஒரு தொழிற்சங்கம் எந்தப் படியேறுவது? பாலியல் வன்முறைக்கு எதிராக 2022-இல் திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்கள் முன்னின்று நடத்தும் சங்கம், ஏற்றுமதி நிறுவனத்துடனும் வெளிநாட்டு பிராண்டுகளுடனும் கண்ட உடன்பாடு, நம் அமைப்புகளுக்கும் அந்த வலு உண்டு என்று காட்டியது. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் ஆலைகளோடு நிற்கும் ஒப்பந்தம், சட்டம் அல்ல. கம்பெனிகள் சட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது, நோட்டீஸ் அனுப்பி வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தொழிற்சங்கங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் வழங்குமாறு தமிழக எம்.பி.க்கள் வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்