டியூட்டி லிஸ்ட் போடுகிறவர்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவம் படிக்கிறவர்கள் படிப்பையும் சொந்த வாழ்க்கையையும் எப்படிச் சமாளிப்பது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நைட் டியூட்டி முடிந்து வந்து, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தபோதுதான் படித்தேன். சீக்கிரம் எழுந்திரு, போனைத் தள்ளி வை, அட்டவணை போடு என்று எல்லாமே நல்ல யோசனைதான், ஆனால் மொத்த யோசனையும் படிக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் என்பது கொஞ்சம் உறுத்தியது.

முதல் வருடத்தில் நானும் நாலு கலரில் அட்டவணை போட்டவள்தான். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றும் ஒரே சமயத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் நேரம் இல்லாததைவிட, படிக்காமல் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் குற்றம் செய்கிற மாதிரி இருக்குமே, அதுதான் என்னைத் தின்றது. ஒரு நாள் ராத்திரி அக்கா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மடியில் பிரேக்கியல் பிளக்ஸஸ் (கைக்குப் போகிற நரம்புகளின் பின்னல்) படத்தை வைத்துக்கொண்டு ‘ம்... ம்...’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, “இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த பிளக்ஸஸும் வரவில்லை. அதற்கப்புறம் அவள் கூப்பிட்டால் இருபது நிமிஷம் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் பேசுவேன். ஜூனியர்களுக்கு நான் சொல்கிற ஒரே யோசனையும் இதுதான்.

சரி, அது நம் கையில் இருக்கிற நேரம். வார்டுக்கு வந்தபின் நேரமே நம் கையில் இல்லை. இப்போது ஹவுஸ் சர்ஜனாக, அதாவது படிப்பின் கடைசியில் வருகிற பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். ஒரு முறை தொடர்ந்து முப்பது மணி நேரம் விழித்திருந்துவிட்டு ஆபரேஷன் தியேட்டரில், வெட்டிய இடத்தை விலக்கி வைக்கிற ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றபடியே கண் சொருகி, பிடி தளர்ந்துவிட்டது. நல்லவேளை, சீனியர் பார்த்துவிட்டு என்னை நகரச் சொன்னார், நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை. 17 மணி நேரம் விழித்திருந்தாலே ஒருவருடைய கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. இந்த நிலையில் இருக்கிறவளிடம் போய் அட்டவணை போடு என்றால் எப்படி?

1984-ல் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தபோது, அவளைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரமும் பேச்சுக்கு வந்தது. அவள் அப்பா பத்திரிகையாளர், விடவில்லை. அதன்பிறகுதான் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது, 2003-ல் அது அமெரிக்கா முழுவதற்கும் ஆனது. 80 மணி நேரமே அதிகம் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. உலக மருத்துவச் சங்கம், மருத்துவர்கள் எடுக்கிற ஜெனீவா உறுதிமொழியில் 2017-ல் ஒரு வரியைச் சேர்த்தது. மிகத் தரமான சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் நல்வாழ்வையும் திறமையையும் கவனித்துக்கொள்வேன் என்பது அதன் சாரம். அந்த வரியைக் காட்டி லீவு கேட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பேட்ச்சில் இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எல்லா யூனிட்டும் ஒரே மாதிரி என்று சொல்லமாட்டேன். ஒரு யூனிட்டில் மட்டும் பதினைந்து நாள் டியூட்டி லிஸ்டை முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். அங்கேயும் வேலை குறைவெல்லாம் இல்லை, அதே நைட், அதே கேஸ் ஷீட், அதே ரவுண்ட்ஸ். ஆனால் எந்த நாள் ஆஃப் என்று முன்பே தெரியும், வேண்டுமானால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். அக்கா குழந்தையை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது அந்த யூனிட்டில் இருந்தபோதுதான். அப்போதே அதற்கு ஏழு மாதம். மற்ற இடங்களில் நாளைக்கு யாருக்கு டியூட்டி என்பதே முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் வரும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது எங்களிடம் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே லிஸ்ட் போடுகிறவர்களிடமும் போய், அதை எப்போது ஒட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் பெயரை மட்டும் போடவேண்டாம், அடுத்த வார லிஸ்ட் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு ஹவுஸ் சர்ஜன்