முத்து எடுத்தவங்களையும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன இதழ்ல எங்க தூத்துக்குடி பத்தி வந்த கட்டுரைய வீட்ல எல்லாரும் மாத்தி மாத்தி படிச்சோம். வ.உ.சி. பகுதி அருமை, 1906ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சது, ‘காலியா’, ‘லாவோ’ன்னு ரெண்டு கப்பல் வந்தது, போட்டிக்கு வெள்ளக்காரன் டிக்கெட் விலைய கண்டபடி கொறச்சது எல்லாமே சொல்லிட்டீங்க. ஆனா 1908ல எங்க ஊரு கோரல் நூல் மில்லுல நடந்த ஸ்டிரைக்க ஒரே வரில தாண்டிட்டீங்களே. கூலி ஏத்தி கேட்டு, வாரம் ஒருநாள் லீவு கேட்டு மில் ஜனங்க நின்னு ஜெயிச்சாங்க சார், அந்த சூடு ஆறுறதுக்குள்ள அதே வருஷம் மார்ச் மாசம் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் புடிச்சு உள்ள போட்டாங்க.

அப்புறம் குரூஸ் பர்னாந்து பேரே காணோம். கெணத்து தண்ணியெல்லாம் உப்பு கரிக்கிற ஊரு இது, நகராட்சி சேர்மனா இருந்து 1920கள்ல வல்லநாட்டுலேர்ந்து தாமிரபரணி தண்ணிய குழாய்ல கொண்டு வர பாடுபட்ட மனுஷன். இன்னைக்கும் எங்க வயசானவங்க அவர் பேர கையெடுத்துதான் சொல்லுவாங்க.

இதவிட எனக்கு பெரிய வருத்தம், தலைப்புல முத்து நகர்னு போட்டுட்டு முத்து எடுத்த ஆளுங்கள பத்தி ஒரு வார்த்தை எழுதல. பனிமய மாதா கோயில் 1713ல கட்டுனதுன்னு சரியா போட்டிருக்கீங்க, அந்த கோயில்ல தேர் இழுக்குற பரதவ ஜனம் தலைமுறை தலைமுறையா கடலுக்குள்ள என்ன பண்ணாங்கன்னும் சொல்லணும்ல? பாண்டியர் துறைமுகமா கொற்கை இருந்த காலத்துலேர்ந்து இருக்குற தொழில் அது. ஆக்சிஜன் கிடையாது ஒண்ணும் கிடையாது, கயித்துல கட்டுன கல்லு மேல கால வச்சு நேரா அடில இறங்கணும், மூச்ச அடக்கிக்கிட்டே சிப்பிய அள்ளி வலைப்பைல போடணும், கயித்த அசைச்சா மேல இருக்குறவர் இழுக்கணும். அந்த கயித்த மச்சான் கைல தான் குடுப்பாங்கன்னு சொல்லுவாங்க, தன் கூடப்பொறந்தவ தாலி கீழ இருக்கும்போது அவன் கண்ண எடுக்க மாட்டான்ல.

கடலடில சிப்பி வளர்ற திட்டத்தான் பார்னு சொல்லுவாங்க, அந்த பார்ல சிப்பி இருந்தாத்தான் முத்துக் குளிப்பு, அதனால பல வருஷம் நடக்காமலே போகும். கடைசியா நடந்தது 1961ல. அப்புறம் இல்லவே இல்ல. இப்போ திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிக்கிறாங்க, கம்ப்ரஸர்லேர்ந்து வர்ற காத்து டியூப வாய்ல கடிச்சுக்கிட்டு இறங்குறாங்க, அவங்க எடுக்குற சங்கு கொல்கத்தா போயி வங்காளத்து கல்யாண பொண்ணுங்க கைல வளையலா ஏறுது. உயிர பணயம் வச்சு செய்ற வேலை, இதெல்லாம் ஊர் வரலாறு இல்லையா?

1961ல இருவது வயசுல குதிச்சவருக்கு இப்போ எம்பது தாண்டிருச்சு. இன்னும் பத்து வருஷம் கழிச்சு தேடுனா ஆள் இருக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு உங்க நிருபர் ஒருத்தர ரெக்கார்டரோட அனுப்புங்க, மத்தியானத்துக்கு மேல வரச் சொல்லுங்க, அப்பதான் சங்கு குளிக்கப் போனவங்களும் கரை திரும்பி இருப்பாங்க. யாரு கயிறு புடிச்சா, எந்த பார்ல இறங்குனாங்க, சிப்பிய எப்படி பங்கு பிரிச்சாங்க, எல்லாத்தையும் அவங்க வாயாலயே கேட்டு ரெண்டாவது கட்டுரையா போடுங்க.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகர்