பஹாமாஸ் சங்குப் போண்டாக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களே,

சென்ற வாரம் உங்களில் ஒருவரிடம் ஆறு போண்டா வாங்கினேன். ஒன்றைப் பிட்டுப் பார்த்தேன். வெங்காயம் இருந்தது, குடைமிளகாய் இருந்தது, செலரித் துணுக்குகள் இருந்தன. சங்கு இறைச்சி மட்டும் துவரம்பருப்பு அளவில் இரண்டே துண்டு. பொட்டலக் காகிதத்தில் எண்ணெய் ஊறி, கைரேகை மறுபக்கம் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், நீங்கள் கையில் வைத்திருக்கும் பொருளின் அருமை. சுட்ட சங்கு இறைச்சி 100 கிராமில் 26 கிராம் புரதம் இருக்கிறது, கொழுப்போ ஒரு கிராமைச் சற்றே தாண்டும், கலோரி 130தான். மக்னீசியம் 240 மில்லிகிராமுக்கு அருகில். பி12 உயிர்ச்சத்து, பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவையைப் போல இரு மடங்கு. இப்படிப்பட்ட உணவை மைதாவுக்குள் தேட வைக்கலாமா?

எங்கள் தெருவில் சர்க்கரை நோயுள்ள மூதாட்டி ஒருவர் இருக்கிறார். மாலைதோறும் இதையே வாங்குகிறார். "கடல் உணவுதானே, உடம்புக்கு நல்லது" என்கிறார். அவர் சாப்பிடுவது பெரும்பாலும் மாவும் எண்ணெயும். தொட்டுக்கொள்ள மயோனைசும் கெட்சப்பும் கலந்த சாஸ் வேறு.

சங்கு கிடைப்பதில்லை, விலை ஏறிவிட்டது என்பீர்கள். உண்மைதான். நீங்கள் போடும் ராணிச் சங்கு வகை, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது. ஓட்டின் விளிம்பான உதடு நன்றாக விரியாத இளஞ்சங்கைப் பிடிப்பது உங்கள் நாட்டுச் சட்டப்படியே குற்றம். ஆகவே கூடுதல் சங்கு போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆறு போண்டாவில் போடும் சங்கை மூன்றில் போடுங்கள். கடலிலிருந்து ஒரு சங்குகூட அதிகம் எடுக்க வேண்டாம். மாவும் எண்ணெயும் பாதியாகும். விலையைக் குறைக்கவும் வேண்டாம், நான் கொடுக்கத் தயார்.

எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே மாவைப் போடுங்கள். கூட்டம் நெருக்குகிறதென்று சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கிவிடும். போண்டா வேகாமல் எண்ணெயைக் குடிக்கும். கறுத்த எண்ணெயை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். சாஸைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். எலுமிச்சைத் துண்டு ஒன்றும், இங்கே விளையும் காரமான ஆட்டுமிளகாயும் வைத்தால் பலர் சாஸைக் கேட்கவே மாட்டார்கள்.

தலைநகர் நாசோவின் பாட்டர்ஸ் கே படகுத்துறையில் கண்ணெதிரே சங்கை உடைத்து, எலுமிச்சை பிழிந்து சாலட் செய்து தருகிறார்கள். அங்கே எவ்வளவு சங்கு விழுகிறது என்பது வாங்குபவருக்குத் தெரிகிறது. உங்கள் கடைப் பலகையிலும் ஒரு தட்டுக்கு எத்தனை கிராம் சங்கு என்று எழுதி வையுங்கள். அந்த மூதாட்டியை நானே அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்